கை முதலில் போய் விழும் இடம்

இளம் இசையமைப்பாளர் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது "கர்னாடக இசையும் மேற்கத்திய இசையும் முறையாகப் பயின்றவர், எல்லா வகை இசையிலும் ஆர்வம் உள்ளவர்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறோம். இதை வைத்து அவர் மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. மெட்டு யோசிக்கும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? கீபோர்டா, கிதாரா, மிருதங்கமா, வெறும் குரலா, லேப்டாப்பா? பாதி மெட்டை அதுதான் போடுகிறது.

கீபோர்டில் யோசிப்பவருக்கு மூச்சு கணக்கிலேயே வராது. 4/4 தாளம் (பார் என்ற ஒரு தாளச் சுற்றுக்கு நான்கு அடி), டெம்போ 70 (நிமிடத்துக்கு 70 அடி) என்றால் நான்கு பார் கிட்டத்தட்ட 14 விநாடி. விரலுக்கு அது ஒன்றுமில்லை. அதே வரியைத் தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) பாடுகிறவருக்கு நடுவில் இடம் விடாவிட்டால், சொல்லை உடைத்துத்தான் மூச்சு வாங்குவார். விரலை மாற்றாமலே சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனும் ஒரு தொல்லை. ஒரு கட்டையிலேயே, அதாவது சி-யை ஷட்ஜமாக (ஸ) வைத்த சுருதியிலேயே, கை பழகியிருக்கும். பாடகிக்கு ஐந்தரைக் கட்டை (ஜி ஷார்ப்) என்றதும் பட்டனில் நான்கு அரைஸ்வரம் கீழே இறக்கிவிட்டு, அதே விரல்களை அதே இடத்தில் வைப்பார்கள். இடது கையில் நெருக்கமாக அடுக்கிய கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வர அடுக்கு) அங்கே கொழகொழவென்று ஆகிவிடும். பட்டனைத் தொடாமல் அந்தச் சுருதியிலேயே வாசித்தால், விரல் தானாகவே வேறு அடுக்கைத் தேடும்.

"இரண்டும் பயின்றவர்" என்பதன் உண்மை தெரிவது ராகத்துக்குக் கார்டு போடும் இடத்தில். இந்தோளம் ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் அதன் ஸ்வரங்கள் சி, ஈ ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட். பஞ்சமம் (ப), அதாவது ஜி, கிடையாது; சி மேஜர், சி மைனர் இரண்டுக்கும் அது வேண்டும். ஆகவே சி மேஜருக்கும் இடமில்லை, சி மைனருக்கும் இடமில்லை. இந்த ஐந்துக்குள் முழுதாக அமையும் மேஜர், மைனர் கார்டுகள் இரண்டே: ஏ ஃபிளாட் மேஜர், எஃப் மைனர். இனிமையாக இருக்கிறதே என்று ஏ ஃபிளாட் மேஜரில் தொடங்கி அதிலேயே முடித்தால், தைவதம் (த) ஷட்ஜமாகி, காதில் மோகனம் என்ற வேறு ராகம் விழும். எஃப் மைனரில் போய் உட்கார்ந்தால் சுத்த தன்யாசி. ராகத்துக்கு வெளியே ஒரு ஸ்வரம்கூடத் தொடவில்லை, ஆனாலும் ராகம் போய்விட்டது. கச்சேரியில் வித்வான் தெரிந்தே செய்து கைதட்டல் வாங்கும் கிரகபேதம் (ஷட்ஜமத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டுவது) இங்கே தெரியாமல் நடந்துவிடுகிறது.

மேற்கத்திய ஹார்மனியில் பாடல் திரும்பி வந்து நிற்கும் வீடு மாறலாம், நம் ராகத்தில் ஷட்ஜம் அசையாது. இந்த ஒரு மோதலைப் புரிந்துகொண்டவர் பேஸில் (அடி ஒலியில்) சி-யை விடாமல் பிடித்துக்கொண்டு, அதன் மேலே அந்த இரண்டு கார்டுகளையும் மெல்லத் தொட்டுவிட்டு நகர்வார். வரி ஷட்ஜமத்தில் வந்து நிற்கும்போது கார்டே இல்லாமல் விட்டுவிடுவார். இந்தோளத்தில் கார்டைக் குறைப்பதே அழகு என்பது என் கட்சி.

தோடி ராகத்தில் சிக்கல் வேறு மாதிரி. அதன் காந்தாரம் (க) ஆடாமல் நின்றால் தோடியே இல்லை. பாடகர் அதை ஆட்டும்போது பின்னால் ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம்) அதே காந்தாரத்தை அசையாமல் பிடித்திருந்தால் இரண்டும் உரசும், பாடகர் சுருதி விலகியதுபோல் தோன்றும். உடனே சுருதி திருத்தும் மென்பொருளை வேகமாக வைத்து ஓட்டுவார்கள். கமகம் (ஸ்வரத்தின் அந்த அசைவு) படிக்கட்டாகிவிடும். திருத்த வேண்டியது பாடகரை அல்ல, ஸ்டிரிங்ஸில் அந்த ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டால் போதும்.

கிதார்க்காரர்கள் திறந்த தந்தி ஒலிக்கும் ஈ, ஏ, டி, ஜி பக்கமே சுற்றுவார்கள், தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போ இருந்தால் தப்பித்தார்கள். மிருதங்கம் படித்து வந்தவருக்கு எடுப்பை (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை) அரை இடம் தள்ளி வைக்காவிட்டால் தூக்கம் வராது. பாடல் நன்றாக இருக்கும், கூடச் சேர்ந்து பாடத்தான் யாராலும் முடியாது.

லேப்டாப்பில் தொடங்கியவருக்கு மென்பொருளே பெரும்பாலும் 120 டெம்போ, 4/4 என்று கொடுத்துவிடுகிறது. திரும்பத் திரும்ப ஓடும் நான்கு பார் லூப் ஒன்றைப் போட்டுவிட்டு அதன் மேல் மெட்டு தேடுகிறார். ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபு வேண்டுமென்று 7/8 வைத்தாலும், மென்பொருளின் தாளத் தட்டலான கிளிக் பொதுவாக முதல் அடியை மட்டும் அழுத்தி மற்ற ஆறையும் ஒன்றுபோலத் தட்டும். 3+2+2 என்று அழுத்தத்தை நாமே வைத்துக் கொடுக்காவிட்டால் பாடகருக்குத் தகிட தகதிமி கையில் நிற்காது.

எந்தக் கருவியில் யோசித்தாலும் எல்லாரும் வழுக்குவது சொல்லில். மெட்டின் நீண்ட ஸ்வரம் குறிலில் விழுந்தால் "படம்" "பாடம்" ஆகும், "கல்" "கால்" ஆகும். தத்தகாரம் (மெட்டின் அளவைக் காட்டும் பொருளில்லாச் சொற்கள்) எழுதிக் கொடுக்கும்போதே நீளும் இடத்தில் "தா" என்றும் நீளாத இடத்தில் "த" என்றும் பிரித்து எழுதினால் பாடலாசிரியர் அங்கே நெடிலைத் தேடிப் போடுவார். எல்லாவற்றுக்கும் "லாலாலா" என்று பாடி அனுப்பினால் அவர் என்னதான் செய்வார்?

ஆர்வம் என்று எதைச் சொல்லலாம்? கேட்கும் பட்டியல் நீளமாக இருப்பதை நான் ஆர்வத்தில் சேர்ப்பதில்லை. பிடித்த பாடலில் எட்டே பார் எடுத்து, பேஸ் போகும் வழியை மட்டும் காதால் கேட்டு எழுதிப் பார்ப்பதுதான் ஆர்வம். சுருதி மாறாமல் வேகத்தை 60 சதவீதத்துக்கு இறக்கிக் கேட்கலாம். முதலில் வாயால் பாடிப் பிடித்த பிறகே கருவியைத் தொட வேண்டும். நேராகக் கருவிக்குப் போனால் கை பழகிய இடத்திலேயே விழும்.

சொந்த மெட்டையும் அப்படி ஒருமுறை கருவி இல்லாமல் நடந்துகொண்டே பாடி ஃபோனில் பதிந்து பாருங்கள். மூச்சு வாங்கும் இடங்கள் தாமாகவே வந்திருக்கும். ஒன்று மட்டும் கவனம். தம்புரா இல்லாமல் பாடும்போது சுருதி சத்தமில்லாமல் இறங்கும். கடைசி வரியை எழுதும்போது முதல் வரியின் ஷட்ஜமத்தை நம்பாமல், அந்த இடத்தின் ஷட்ஜமத்தைக் கீபோர்டில் மறுபடி ஒத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் அரைக் கட்டை வித்தியாசத்தில் மெட்டில் இல்லாத ஒரு ஸ்வரம் தாளில் வந்து உட்கார்ந்துவிடும்.