அந்த 17 மணி நேரம் எந்த ஊர்க் கணக்கு?

விமானப் பயண நேரம் சொல்கிறோம் என்று இணையத்தளம் நடத்துகிறவர்கள், போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்ததை வந்து பார்த்திருக்க வேண்டும்.

அக்கா நியூயார்க்கிலிருந்து நேரடி விமானத்தில் வருகிறாள். "திங்கள் ராத்திரி 10.30க்கு ஏறுறேன்டா" என்று போனில் சொன்னாள். சரி, எப்போது வந்து சேருவாள் என்று பார்ப்போமே என இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் ஒரு தளத்தில் தட்டினேன். தூரம் 15,300 கிலோமீட்டர், பயண நேரம் 17 மணி, சேரும் நேரம் செவ்வாய் மாலை 3.30. கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த ஊர் நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை!

அரை நாள் லீவு போட்டு ஈசூனிலிருந்து டாக்சி பிடித்துப் போனோம். அம்மா மடியில் தூக்குவாளி. அதில் எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இரண்டு வருஷமாகப் பார்க்காத மகள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எத்தனை முறை என்று எண்ண எனக்கு மனசு வரவில்லை. பலகையில் அந்த விமானமே இல்லை. கடைசியில் தகவல் முகப்பில் கேட்டால், நாளை விடியற்காலை 5.10 என்கிறார்கள். நாங்கள் போய் நின்ற 3.30க்கு அக்கா கிளம்பியே 5 மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நியூயார்க் நம்மைவிடக் கோடையில் 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அதைக் கூட்டாமல் சேரும் நேரம் என்று எப்படிப் போடலாம்? சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் அந்த ஊர் நேரப்படி 9.30 வாக்கில் இறங்குகிறோம். அதற்காக ஒன்றரை மணி நேரப் பயணம் என்று சொல்வோமா? சுமார் 4 மணி நேரம் ஆகிறது.

அந்த 17 மணி நேரமாவது சரியா என்றால், அதுவும் இல்லை. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் என்று வைத்துக்கொண்டு, 15,300ஐ 900ஆல் வகுத்தால் 17. அவ்வளவுதான் அவர்கள் செய்த வேலை. அந்தத் தூரமே பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தது. விமானம் அந்த நூல் மேலேயா போகிறது? ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும், மூடிய வான்வெளியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று வேறு, ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் விமான நிறுவனங்கள் இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி நேரம் ஒதுக்குகின்றன. இதையெல்லாம் கணக்கில் எடுக்க முடியாதென்றால் தூரத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரம் போடாதீர்கள்.

புதன் விடியற்காலை அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி வீங்கிவிட்டது. நான் மட்டும்தான் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அக்கா, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா எங்கடா?"