டயரில் இருந்தது தண்ணீர் இல்லைங்க

கத்திரி வெயிலில் கழனி முழுக்க வெடித்துக் கிடக்கிறது. பம்ப்செட் மூலையில் மட்டும் காலையில் போய்ப் பார்த்தால் எண்ணெய் கொட்டிய மாதிரி கருப்பாக ஈரம். மூன்று மாசமாக இப்படித்தான். அங்கே நின்ற மல்லாட்டைச் செடி இலை ஓரம் கருகி, ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது.

போன வருஷம் பழைய டிராக்டர் ஒன்று வாங்கினேன். "பின் டயரில் தண்ணி போட்டிருக்கு" என்றார் விற்றவர். சரி, சேடை ஓட்டும்போது சக்கரம் சேற்றில் வழுக்காமல் இருக்க எல்லோரும் அடிப்பதுதானே என்று விட்டுவிட்டேன். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு கரைசல், காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்கிற உப்பு என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சர் போட வந்த தம்பி ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வைக் கீழே திருப்பி பின்னைக் கழற்றியதும் துரு கலந்து செந்தண்ணீராகப் பீய்ச்சி அடித்தது. நான் பக்கெட் தேடி ஓடுகிறேன், அவனோ "இன்னாணா, தண்ணிதானே, கழனியிலயே பாயட்டும்" என்கிறான். 13.6-28 டயர், முக்கால் பாகம் நிரப்பினாலே 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவ்வளவும் என் மண்ணில். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (புத்தியில்லாத வேலைதான்), உப்பும் கசப்பும்.

தண்ணீர் உறைந்துபோகிற குளிர் தேசத்துக்காரன் டயர் ஐஸ் கட்டாமல் இருக்கப் போடுகிற உப்பு அது. வேலூரில் எந்த மார்கழியில் ஐயா தண்ணீர் உறைந்தது? கேட்டால் எடை கூடுமாம். கூடும்தான், அதற்குச் சக்கரத்தில் மாட்டுகிற இரும்பு வெயிட் இருக்கிறதே! என் ரிம்மை வந்து பாருங்கள், வால்வு ஓட்டையைச் சுற்றி நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக உதிர்கிறது.

நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் உப்பு கீழே இறங்கிவிடும் என்கிறார்கள். இறங்கி எங்கே போகும்? பத்தடியில் என் கிணறு.

இன்னொரு டயரிலும் இதே சரக்குதான். பஞ்சர் கடையில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஷோரூமில் சிரிக்கிறார்கள், விற்றவர் போனையே எடுப்பதில்லை. பங்காளி ஒருத்தர் "ராவோட ராவா ஏரிக் கால்வாயில திறந்து விட்டுடு" என்று யோசனை சொல்கிறார். தோல் ஷாப்பு கழிவால் பாலாறும் கிணறும் கெட்டு, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு போய், கெடுத்தவனே காசு கட்டணும் என்று 1996இல் தீர்ப்பு வந்த ஊர் இது. டீக்கடையில் உட்கார்ந்தால் தோல் ஷாப்பைத் திட்டாமல் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார் இதே பங்காளி. அவர் வாயில் வருகிற யோசனையைப் பாருங்கள்!

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்த டயரையும் இறக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து, மூடி போட்டு, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் விற்றவர் வீட்டு வாசலில் இறக்கப் போகிறேன். தண்ணிதானே, அவரே வைத்துக்கொள்ளட்டும்.