மெட்ராஸ் டெரஸை எங்கே போய்ப் பார்ப்பது?

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 2022-ல் நடந்த தெற்காசியக் கட்டடக்கலைக் கண்காட்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை அருமை. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-ல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சிக் கூடத்தை 2017-ல் நாமே இடித்துவிட்டோம். அதன் பெருமையை அமெரிக்காக்காரன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

சென்னை மட்டும் என்ன வாழ்கிறது? மயிலாப்பூரில் எங்கள் தாத்தா வீட்டை ஃபிளாட் கட்ட இடித்தபோது பக்கத்திலேயே நின்றிருந்தேன். (கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருவன், மறைப்பானேன்.) மேல்தளம் அசல் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல், ஒரு அங்குலத் தடிமன்கூடத் தேறாத சின்னச் செங்கல்களைக் குத்துவாட்டில், கோணலாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை வைத்துப் பிடித்திருந்தார்கள். கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. கடப்பாரை லேசில் இறங்கவில்லை. வயதான மேஸ்திரி ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, "அச்சுக்கல்லு சார், இப்ப இதை அடுக்கத் தெரிஞ்ச ஆளு எங்க இருக்கான்?" என்றார்.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள், சரி. ஆனால் 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் கதையையும் இந்த மாடிகளின் கதையையும் சொல்ல எழும்பூர் மியூசியத்தில் ஒரு அறை ஒதுக்கக்கூடாதா? கேட்டால் என்னிடம் இருக்கும் நாலு அச்சுக்கல்லைத் தந்துவிடுவேன். இப்போதைக்கு பால்கனியில் துளசித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன்.