ஆட இடமில்லாத அழகு மைதானம்

குளச்சல் பக்கம் எங்கள் வாலிபால் மைதானத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். சுற்றிலும் நடைபாதை, கலர் விளக்கு, சிமெண்ட் பெஞ்சு. எல்லாம் சரி, விளையாடுவது எங்கே? கோர்ட் அளவு 18க்கு 9 மீட்டர், அது இருக்கிறது. ஆனால் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும் என்பது விதி. இங்கே இரண்டு எட்டு பின்னால் வைத்தால் நடைபாதைக் கல்லின் விளிம்பு குதிகாலில் இடிக்கிறது. எகிறி சர்வீஸ் போட ஓடிவர வழியே இல்லை.

அப்புறம் கோர்ட்டில் புதிதாகக் கொட்டிய அந்தச் செம்மண்! ஜூனிலும் அக்டோபரிலும் மழை அடிக்கிற மாவட்டம் இது. பழைய மணல் தண்ணீரை உடனே குடித்துவிடும். இப்போது கோர்ட் முழுக்கச் சேறு. பையன்கள் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய் வலை கட்டி ஆடுகிறார்கள். வேலை தொடங்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்த விளிம்புக் கல்லையாவது பெயர்த்து எடுங்கள், யாருடைய முட்டியாவது உடைவதற்குள்.