கழற்றினீர்கள் சரி, தூக்கி ஏன் எறிந்தீர்கள்?

என்னுடையது 1978 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 ஜீப். கலிஃபோர்னியாவில் 1975 வரை வந்த பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை; 1976 முதல் வந்தவற்றுக்கு உண்டு. புகை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, பானெட்டைத் திறந்து அந்தக் காலத்துப் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். சரி, அது நியாயம்தான்.

எனக்கு முன்பு வைத்திருந்தவர் ஏர் பம்ப்பைத் தேவையில்லாத சுமை என்று கழற்றி எறிந்திருக்கிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல்! எக்ஸாஸ்டுக்குள் காற்றை ஊதி, எரியாமல் தப்பிய பெட்ரோலை எரிய வைப்பது அது. சுமையாம்! எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வையும் அடைத்துவிட்டார். இவற்றை எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயக்கும் வேக்குவம் குழாய்களில் எது எங்கே போகிறதென்று வரைபடத்தோடு மூன்று வாரமாக மல்லாடுகிறேன். பழைய பம்ப் ஒன்று கிடைத்தது, அதை மாட்டும் பிராக்கெட் கிடைக்கவில்லை. கழற்றியதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுத்திருக்கக் கூடாதா?