கட்டிலைக் கடன் வாங்கியது யார்?

ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலின் பழைய பங்களா ஒன்றில், அங்குள்ள கட்டில், நாற்காலிகளைப் பற்றிய கண்காட்சிக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி நண்பர்கள் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், காணொளியும் ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. ஆகவே யார் என்ன சொன்னார், யார் கைதட்டினார் என்று மறுபடியும் அடுக்கப் போவதில்லை. பேச்சாளரின் பெயரையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் எனக்கு அவர்மீது தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எனக்கு எரிச்சலெல்லாம் அவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தின் மீதுதான். ‘காட்’ (cot) என்ற ஆங்கிலச் சொல்தான் மலையேறி வந்து ‘கட்டில்’ ஆயிற்றாம். அதுவரை பாயில் உருண்டுகொண்டிருந்தவர்களுக்குக் கால் வைத்த படுக்கையைக் காட்டியவர்களே இந்தப் பங்களாக்களைக் கட்டிய வெள்ளைக்காரர்கள்தானாம். எழுந்து நின்று மறுத்த கல்லூரி மாணவனிடம், “தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள்” என்று சிரித்தபடி ஓர் அறிவுரை வேறு.

அந்த மாணவன் உணர்ச்சிவசப்படவில்லை, சரியாகத்தான் சொன்னான். நான்தான் உணர்ச்சிவசப்படுகிறேன். அதற்காக நான் சொல்வது பொய்யாகிவிடாது.

கட்டில் ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அல்ல. அமெரிக்க மதுரை மிஷன் என்ற கிறிஸ்தவச் சமய அமைப்பைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். அதற்குக் குறைந்தது 1,500 ஆண்டுகளுக்கு முன்பே புறநானூற்றில் கட்டில் இருக்கிறது. 286-ஆம் பாட்டில் ஔவையார் ‘கால்கழி கட்டில்’ என்கிறார். கால் இல்லாத கட்டில், அதாவது பாடை. பாடையைக் ‘கால் கழிந்த கட்டில்’ என்று ஒரு புலவர் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டுமானால், கேட்பவர்களுக்குக் கால் உள்ள கட்டில் ஏற்கெனவே நன்றாகப் பழகியிருக்க வேண்டும் அல்லவா? இந்த ஓர் எளிய கணக்குக்கூட அந்த அரங்கில் இருந்த படித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

பழைய நூல்களில் கட்டில் என்பது வெறும் படுக்கை மட்டுமல்ல. அரசன் அமர்வதும் கட்டில்தான். ‘அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்’ என்றால் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனவன் என்று பொருளல்ல. கண்ணகி வழக்குரைத்த பிறகு சிங்காதனத்திலேயே உயிரை விட்டவன். வீரமுரசை வைக்கும் மேடையும் கட்டில்தான். மோசிகீரனார் அறியாமல் ஏறி உறங்கிய முரசுகட்டிலின் கதை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை ஓங்காமல் கவரி எடுத்து வீசினான். (புறநானூற்று 50-ஆம் பாட்டுக்குள் வருவது ‘மென்பூஞ் சேக்கை’ (மெல்லிய பூப்படுக்கை) என்ற தொடர், ‘முரசுகட்டில்’ வருவது பாட்டின் கீழ்க்குறிப்பில். இதைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.)

ஆளும் இடம் என்ற பொருள் செத்தும் போகவில்லை. இன்றைக்கும் எந்தக் கட்சி வென்றாலும் செய்தித்தாள்கள் ‘ஆட்சிக் கட்டிலில் அமர்ந்தது’ என்றுதான் எழுதுகின்றன. பேச்சாளரின் கருத்துப்படி பார்த்தால், நம்முடைய அமைச்சரவைகள் எல்லாம் வெள்ளைக்காரரின் ‘காட்’டில் படுத்திருக்கின்றன என்றல்லவா ஆகிறது!

இனி ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். ‘காட்’ ஆங்கிலத்தில் எழுத்தேறியது 17-ஆம் நூற்றாண்டில், இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் வாயிலாக. வடக்கே அவர்கள் காதில் விழுந்த இந்திச் சொல் ‘காட்’ (khāṭ), அதற்கு மூலம் வடமொழியின் ‘கட்வா’. அந்தக் கட்வாவே திராவிட மொழியிலிருந்து வடமொழிக்குப் போனது என்பதுதான் மொழியியலாளர் பலருடைய முடிவு. பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி கட்டிலுக்கான பதிவிலேயே கட்வாவையும் சேர்த்துக் குறிக்கிறது. தெற்கே இவ்வளவு சுற்றுக்கூடத் தேவைப்படவில்லை. யூல், பர்னெல் என்ற பிரிட்டிஷார் இருவரின் உழைப்பில் 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியே, தமிழிலும் மலையாளத்திலும் உள்ள கட்டிலைப் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரி வீற்றிருந்த இருக்கையைப் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லால்தான் குறித்தார். அங்கேயும் பாருங்கள், அரசன் கட்டிலில் இருக்கிறான்.

கடன் வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதும் வேடிக்கைதான். இங்கிலாந்தில் இன்று ‘காட்’ என்றால் கம்பியடைப்பு வைத்த குழந்தைப் படுக்கை, கிட்டத்தட்ட நம் தொட்டில். அமெரிக்காவில் அதுவே கூடாரத்தில் மடக்கி விரிக்கும் கான்வாஸ் படுக்கை. நம்மிடம் பாண்டியன் உயிர்விட்ட இடமாக இருந்த சொல் அங்கே பால்புட்டிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நம்மிடமிருந்து போன சொல்லை நமக்கே பிச்சையிட்டதாக, அதுவும் நம் ஊரிலேயே, நம் மொழியிலேயே மேடை போட்டுச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

உடனே மற்றொரு படை வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். என் முந்தைய குறும்பதிவின் கீழேயே ஒருவர் மேசையும் தூய தமிழ்தான் என்று நிறுவத் தொடங்கிவிட்டார். ஐயா, மேசை போர்ச்சுகீசியம். அலமாரி போர்ச்சுகீசியம். அந்த அலமாரியைத் திறக்கும் சாவியும் போர்ச்சுகீசியம். நாம் அவர்களிடம் மேசையை வாங்கினோம், அவர்கள் நம்மிடம் கட்டிலை வாங்கினார்கள், கணக்கு நேர். பீரோவோ பிரெஞ்சு. எழுதும் பலகையின்மேல் விரிக்கும் முரட்டுத் துணியின் பெயரில் தொடங்கி, அந்த மேசைக்கே பெயராகி, மேசை இருக்கும் அலுவலகமாகி, அதிகார வர்க்கத்துக்கே பெயராகி, கடைசியில் நம் வீடுகளில் பட்டுப்புடவையும் நகையும் பத்திரமும் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டகமாக வந்து நிற்கிறது. இதைச் சொல்வதால் தமிழுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஆனால் வராத கடனை ஏன் நம் தலையில் எழுதிக்கொள்ள வேண்டும்?

“சொல் எங்கிருந்து வந்தால் என்ன, தூக்கம் வந்தால் போதாதா?” என்று கேட்ட நண்பருக்கு நல்லிரவு.

“கட்டில் இருந்தது சரி, அது அரசர்களுக்கும் செல்வர்களுக்கும்தானே இருந்தது; உங்கள் வீட்டில் யார் கட்டிலில் படுத்தார்கள்?” என்று கேட்ட தோழியை மட்டும் அப்படி அனுப்பிவிட முடியவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நெடுநல்வாடையில் வரும் அரசியின் வட்டக்கட்டிலுக்கு, 40 வயது நிரம்பிப் போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தைச் செதுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அது யார் வீட்டில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் நக்கீரர் அந்த இடத்தில் ‘வல்லோன் கூருளிக் குயின்ற’ என்று, உளியைப் பிடித்த கைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பங்களாவின் கட்டில், நாற்காலி, ஊஞ்சல் எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். செய்தவனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

என் அப்பா தச்சர். சீசன் தொடங்குமுன் பங்களாக்களைத் திறந்து தூசி தட்டும்போது அவருக்கு ஆள் வரும். கை நீண்ட சாய்வு நாற்காலிகளுக்கும் நாடாக் கட்டில்களுக்கும் அவர்தான் வைத்தியர். ஆட்டம் கண்ட கட்டிலின் சட்டத்தைக் கழற்றி, முனையில் மெல்லிய சிராய் வைத்து, காலின் துளைக்குள் செருகிக் கொட்டாப்புளியால் தட்டி இறக்குவார். பிறகு தொய்ந்த நாடாவைக் கால்மாட்டிலிருந்து ஒவ்வொரு வரியாக இழுத்து இறுக்கிக்கொண்டு வருவார். வேலை முடிந்ததும் அதில் உட்கார்ந்து பார்க்கமாட்டார். இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கைவழியே இறக்கி, காதைச் சாய்த்து முனகல் கேட்கிறதா என்று கவனிப்பார். அது தொழில் நுட்பம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த வீடுகளில் அவர் உட்காரக்கூடாது என்பதால் பழகிய பழக்கம் அது என்று பின்னால் அம்மாதான் சொன்னார்.

இதற்காகப் பங்களாக்காரர்களை மட்டும் திட்டிவிட்டு நம்மவர்களை விட்டுவிட நான் தயாரில்லை. கீழ்மலையில் அப்பாவின் ஊரில், இன்னார் தெருவில் நடந்து வந்தால் இன்னார் கட்டிலைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் தமிழிலேயே, சுத்தத் தமிழிலேயே நடந்தது. பாயில் உருண்டவர்கள் என்று பேச்சாளர் ஏளனமாகச் சொன்னாரே, அந்தப் பாய் எங்களுக்கு அவமானம் அல்ல. கோரைப்பாயின் குளிர்ச்சியில் தூங்கி எழுந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கட்டில் செய்யத் தெரிந்த கைகள் பாயில் படுத்தன என்பதுதான் என் வருத்தமே ஒழிய, கட்டில் என்றால் என்னவென்றே தெரியாமல் படுத்தோம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சாலை வருமுன், அந்தப் பங்களாக்களின் எசமானர்களும் எசமானிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து டோலியிலும் நாற்காலியிலும் இருந்தபடி, கூலியாட்களின் தோளில்தான் மேலே வந்தார்கள். கால் வைத்த படுக்கையை நமக்குக் காட்டியவர்கள் யாருடைய கால்களை நம்பி மலையேறினார்கள் என்று அந்தக் கண்காட்சியில் ஒரு படமாவது வைத்திருக்கலாம்.

அப்பாவின் ஊருக்குப் பேருந்து வராத காலத்தில் பாட்டிக்கு வயிற்றுவலி முற்றியபோது, வீட்டிலிருந்த ஒரே கயிற்றுக் கட்டிலின் கால்களை அப்பாவே ரம்பத்தால் அறுத்தார். ஒற்றையடிப் பாதையில் புதரிலும் பாறையிலும் கால்கள் மாட்டும் என்பதால். இரு பக்கமும் மூங்கிலைக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். எதிரே வந்தவர்கள் பிணம் என்று எண்ணி ஒதுங்கி நின்றார்களாம். பாட்டி பிழைத்து வந்தார், அதே கட்டிலைத் தரையோடு தரையாகப் போட்டு வெகுகாலம் படுத்திருந்தார். கல்லூரியில் ஔவையாரின் ‘கால்கழி கட்டில்’ வந்த அன்று பேராசிரியர் உரை சொல்லிக்கொண்டே போனார், நான் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை.

“ஒரு சொல்லாராய்ச்சிக்குள் சாலை, சாதி, பாட்டி எல்லாவற்றையும் ஏன் இழுக்கிறீர்கள்?” என்று நேற்றிரவே ஒருவர் உள்பெட்டியில் கேட்டுவிட்டார். நான் இழுக்கவில்லை, நண்பரே. அவை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஏறியவன், இறங்கி நின்றவன், தூக்கிச் சுமந்தவன் என்று கட்டிலைச் சுற்றி ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சாலையில்லாத மலைக்கிராமத்திலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள் என்ற செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். ஆட்சிக் கட்டில் முதல் பக்கத்தில் இருக்கும்.