அந்த 'மறைக்கப்பட்ட மருந்து' குறித்து

நேற்று நண்பர்கள் பலரும் பகிர்ந்து புல்லரித்துக்கொண்ட அந்தக் காணொளியை நானும் கடைசிவரை பார்த்தேன். 'கொரோனாவுக்கு 2004-லேயே மருந்து கிடைத்துவிட்டது, மறைத்துவிட்டார்கள்' என்று முழங்கியவர், கையில் பிடித்திருந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைத் தாண்டவில்லை என்பது இரண்டாம் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

கட்டுரை பொய்யில்லை. ஏறத்தாழ 21 எழுத்து நீளமுள்ள ஈரிழை ஆர்என்ஏ துண்டைச் செல்லுக்குள் செலுத்தினால், அதன் ஓரிழையை ஏந்திக்கொள்ளும் 'ரிஸ்க்' என்ற புரதத் தொகுதி, அதற்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவை, அதாவது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏவை, தேடிப்பிடித்து வெட்டிவிடும். அந்தக் குறிப்புக்குரிய புரதம் உருவாகாது. ஆர்என்ஏ குறுக்கீடு என்னும் இதைப் புழுக்களில் கண்டறிந்த ஃபயருக்கும் மெல்லோவுக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோவிட்டுக்கு முன்பு பரவிய சார்ஸ் நோயின் கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் கூர்ப்புரதத்தின் மரபணுவை 2004-இல் இவ்வழியில் அடக்கியதும் உண்மைதான். ஆனால் அடக்கியது வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களில். தட்டில், ஐயா, தட்டில்!

நானும் அந்தத் தட்டுகளோடு மல்லுக்கட்டியவன். வைரஸின் ஒரு மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை இணைத்துச் செல்களில் ஏற்றி, மேலே ஆர்என்ஏ துண்டைச் செலுத்தினேன்; வைரஸ் மரபணு அடங்கினால் பச்சையும் மங்க வேண்டும். மறுநாள் நுண்ணோக்கியில் பச்சை மங்கியிருந்ததைப் பார்த்து அறையிலேயே கத்திவிட்டேன். ஆனால் தட்டின் பக்கத்துக் குழியில், எதற்கும் பொருந்தாத துண்டைப் போட்ட ஒப்பீட்டுச் செல்களிலும் பச்சை மங்கியிருந்தது. ஆர்என்ஏவைச் சுமந்துபோன கொழுப்புக் கரைசலே பாதிச் செல்களைக் கொன்றிருந்தது. சரியான அளவைக் கண்டுபிடிக்க மூன்று மாதங்கள் பிடித்தன.

'2005-இல் ரீசஸ் குரங்குகளிலும் பலன் தெரிந்ததே' என்பார்கள். தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2003 ஜூலையிலேயே சார்ஸ் கட்டுக்குள் வந்துவிட்டது. நோயாளியே இல்லாத நோய்க்கு யாரிடம் மருந்தைச் சோதிப்பது? 'அப்படியானால் 2018-இல் பட்டிசிரான் என்ற ஆர்என்ஏ குறுக்கீட்டு மருந்து மட்டும் எப்படி வந்தது?' அது வேலை செய்வது கல்லீரலில். இரத்தத்தில் செலுத்தும் கொழுப்புத் துகள்கள் பெரும்பாலும் கல்லீரலில்தான் போய்ச் சேர்கின்றன. கொரோனா தாக்கும் நுரையீரலிலோ சளியையும், ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகளையும் தாண்ட வேண்டும். 'மரபணுவையே மாற்றிவிடும்' என்போருக்கு: வெட்டுப்படுவது ஆர்என்ஏ, உங்கள் டிஎன்ஏ அல்ல. இதற்கு மேல் விளக்கப் பொறுமையில்லை.

இதைச் சுருக்கமாக அந்தப் பதிவின் கீழ் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த பட்டம், 'மருந்துக் கம்பெனிக் கைக்கூலி'. ஆய்வு உதவித்தொகையே ஏழு மாதம் தாமதமாக வந்த காலத்தில் அந்தக் கூலியை யாராவது கொடுத்திருந்தால் மறுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேலியை விடுங்கள். அந்த வரியை எழுதியவர் முகமறியாதவர் அல்லர். இரவு பதினொரு மணிக்குச் ஆய்வகத்தில் செல்களுக்கு வளர்ப்புக் கரைசல் மாற்றக் கிளம்பும்போதெல்லாம் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளேன்டா' என்று சலித்தபடியே தன் வண்டியில் கொண்டுபோய் விட்டவர். அந்த இரவுகளில் யாரிடம் கூலி வாங்கினேன் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.